விசையும் எழுத்தும்

ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலத்தில், எழுதுவோன் கைக்கும் எழுத்துக்கும் இடையே பிறிதொன்றும் நின்றதில்லை. ககரம் எழுத நினைத்தவனுடைய கை ககரத்தின் வடிவிலேயே இயங்கியது. தட்டச்சுப் பொறி தோன்றியபின் இந்நிலை மாறிற்று. விரல் விசையை அழுத்த, விசையோடு பிணைந்த அச்சு மேலெழுந்து தாளில் மோதியது. ஆயினும், இன்ன விசைக்கு இன்ன அச்சு என்னும் உறவு அங்கே இரும்பினாற் செய்து முடிக்கப்பட்டிருந்தது. கணிப்பொறியிலோ அவ்வுறவும் அறுந்தது. கணிப்பொறியின் விசையை அழுத்துவோர் எழுத்தை அனுப்புவதில்லை. ஓர் எண்ணையே அனுப்புகின்றனர். அவ்வெண்ணை எழுத்தாக மாற்றுதல் பொறியினுள் இருக்கும் வேறொன்றன் தொழிலாகும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட கணிப்பொறியின் விசைப்பலகையில், அடிவரிசையின் இடக்கோடியில் உள்ள எழுத்து விசைக்கு 44 என்னும் எண் வழங்கப்பட்டது. அமெரிக்காவில் அவ்விசையின் மேல் ஆங்கில நெடுங்கணக்கின் இறுதி எழுத்தாகிய 'இசட்' பொறிக்கப்பட்டிருக்கும். செருமனியிலோ அதே இடத்தில் 'ஒய்' இருக்கும். பிரான்சில் அங்கே 'டபிள்யூ' இருக்கும். தமிழ்நாட்டரசு 1999ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட தமிழ்99 பலகையில் அவ்விடம் ஔகாரத்துக்கு உரியது. நான்கு பலகைகளும் அனுப்பும் எண் ஒன்றே. பெறப்படும் எழுத்தோ நான்கு. எனவே, 44 என்னும் எண்ணைக் கண்டவுடன் 'இஃது இசட்' என்று துணிந்துவிடும் மென்பொருள் அமெரிக்கர்க்கு நன்றாகவே பயன்படும். செருமானியர் தம் பெயரை எழுதப் புகுந்தால் பிழைபடும்.

மென்பொருள்கள் பிறந்த இடத்திலேயே தங்கி வாழ்வன அல்ல. விண்டோஸ் என்னும் இயங்குதளத்துக்காக எழுதப்பெற்ற ஒன்றை மேக் கணிப்பொறியிலும், லினக்ஸ் தளத்திலும் இயங்குமாறு பின்னர் மாற்றியமைப்பதுண்டு. நாற்றங்காலில் வளர்ந்த நாற்றைப் பறித்து வயலில் நடுவதை ஒத்தது இச்செயல். பயிர் அதுவேயாயினும் மண்ணும் நீரும் வேறு. இவ்வாறு பெயர்த்து நடுங்கால், படம் வரைதல், கோப்பினைச் சேமித்தல் முதலிய பணிகளை நிரலாளர்கள் முன்னதாகவே எண்ணித் திட்டமிடுவர். விசைப்பலகையைப் பற்றியோ, 'அதில் என்ன இருக்கிறது?' என்று பலர் கடைசிவரை வாளா இருந்துவிடுவர். ஏனெனில், அவர்கள் தம் மேசையில் சோதித்துப் பார்க்கும்போது அவர்கள் மொழி பழுதின்றியே வரும். வேற்று நாட்டார் கையில் மென்பொருள் சென்று சேர்ந்த பின்னரே குறை புலப்படும்.

முதற் குறை எண்ணிலேயே தோன்றும். மேலே கூறிய அதே விசைக்கு லினக்சில் இயங்கும் எக்ஸ் சாளர முறையில் எண் 52. மேக் கணிப்பொறியில் 6. ஆதலின், எண்களை நம்பி எழுதப்பட்ட நிரல் தளம் மாறியவுடன் திசை தடுமாறும். இக்குறை எளிதில் வெளிப்படுவதாகலின் எளிதில் திருத்தவும் படும். எண்களுக்கு ஓர் அட்டவணை எழுதிச் சேர்த்துவிட்டால் ஆங்கிலம் சரியாக வந்துவிடும். உண்மையான இடர் இங்கேதான் தொடங்குகின்றது. ஆங்கிலம் வந்துவிட்டது என்னும் மனநிறைவு, எஞ்சிய மொழிகளை மறக்கச் செய்துவிடுகின்றது.

எஞ்சிய மொழிகளில் ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்னும் கணக்கு செல்லாது. பிரெஞ்சு மொழியில் தலை, காடு, திருவிழா ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் மூன்றிலும் 'இ' என்னும் ஆங்கில எழுத்தின் மேல் கூரை போன்றதொரு குறி அமையும். அக்குறியை இடுதற்குப் பழைய தட்டச்சுப் பொறியில் தனி விசை ஒன்றிருந்தது. ஏனைய விசைகளை அழுத்தினால் தாளைத் தாங்கிய உருளை ஓரெழுத்து அளவு நகரும். இதனை அழுத்தினால் நகராது. குறி பதிந்த அதே இடத்தில் அடுத்து அடிக்கப்படும் எழுத்தும் பதியும். இரண்டும் சேர்ந்து ஒன்றாகத் தோன்றும். இதனை நகரா விசை என்பர். யாழ்ப்பாணத்தில் 1886ஆம் ஆண்டு பிறந்த ஆர். முத்தையாவின் பெயரோடு சேர்த்து நினைக்கப்படும் தமிழ்த் தட்டச்சுப் பொறியிலும் இத்தகைய நகரா விசைகள் பயன்பட்டன. தமிழ் எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி விசை அமைப்பதென்றால் 247 விசைகள் வேண்டுமன்றோ?

கணிப்பொறியில் நகர்வதற்கு உருளை இல்லை. எனினும் நகரா விசை அங்கும் நிலைபெற்றது. பிரெஞ்சுக்காரர் ஒருவர் கூரைக்குறி விசையை அழுத்துங்கால் திரையில் எழுத்தொன்றும் முடிவாகத் தோன்றாது. பொறி அக்குறியை நினைவில் நிறுத்திக் காத்திருக்கும். அடுத்து 'இ' வந்தவுடன் இரண்டையும் இணைத்து ஓரெழுத்தாக வழங்கும். மெய்யெழுத்து உயிரோடு கூடி உயிர்மெய்யாதலைப் பயின்ற தமிழ் மாணாக்கர்க்கு இதனைப் புரிந்துகொள்வது அரிதன்று. இரண்டு ஒலிகள் சேர்ந்து ஒரு வடிவம் பெறுதல் போன்று, இரண்டு அழுத்தங்கள் சேர்ந்து ஓரெழுத்தாகின்றன.

ஆனால், இக்காத்திருத்தலைச் செய்பவர் யார்? மென்பொருள் அன்று, இயங்குதளத்தில் அமர்ந்திருக்கும் ஒரு துபாசி. முற்காலத்தில் அயல்நாட்டு வணிகர்க்கும் உள்நாட்டார்க்கும் இடையே நின்று மொழிபெயர்த்தவர்களைத் துபாசிகள் என்பர். அது போலவே விசையின் எண்ணுக்கும் மென்பொருளுக்கும் இடையே நின்று, எண்ணை எழுத்தாக்கித் தருவது இத்துபாசியின் தொழில். விண்டோசில் ஒரு துபாசி உண்டு. மேக்கில் ஒன்று உண்டு. எக்ஸ் முறைக்கு 1991ஆம் ஆண்டு வெளிவந்த பதிப்பில் இதற்கென ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டது. மூவரும் செய்யும் தொழில் ஒன்றே. அவர்களோடு பேசும் முறைதான் வேறு.

எக்ஸ் முறையில் விசை அழுத்தப்பட்ட செய்தி முதலில் மென்பொருளின் கைக்கே வருகின்றது. மென்பொருள் அதனைத் தான் எடுத்துக்கொள்ளாமல், 'இஃது உனக்கு உரியதா?' என்று துபாசியிடம் காட்டுதல் வேண்டும். துபாசி 'எனக்கு உரியதே' என்று விடை தருமாயின், மென்பொருள் அச்செய்தியை அப்படியே விட்டுவிடல் வேண்டும். இவ்வொரு வினாவைக் கேட்க மறந்த நிரல்களில் நகரா விசைகள் முற்றும் ஊமையாகிவிடும். அல்லது கூரையும் எழுத்தும் கூடாமல் தனித்தனியே நிற்கும். விண்டோசில் வேறொரு வகைப் பிழை நேர்வதுண்டு. ஆங்கே குறியொன்று காத்திருக்கும் வேளையில், குறுக்குவழிக் கட்டளையைத் தேடும் பொருட்டோ பிறிதொன்றன் பொருட்டோ, 'இவ்விசை என்ன எழுத்து?' என்று மென்பொருள் ஒருமுறை வினவினால், காத்திருந்த குறி அவ்வினாவிலேயே செலவழிந்து போகக்கூடும். எழுதுவோர்க்கு எஞ்சுவது கூரையிழந்த எழுத்தே. மேக்கிலோ மென்பொருள் தானே எழுத்தைத் தேடாமல், 'எழுத்து ஆயத்தமானதும் இங்கே கொண்டுவந்து வை' என்று ஓர் இடத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்றல் வேண்டும். ஒரு தளத்தின் பழக்கத்தை மற்றொரு தளத்துக்கு அப்படியே கொண்டு செல்வோர் இவற்றுள் ஏதேனும் ஒன்றில் வழுக்குவர்.

ஜப்பானியர் நிலை இன்னும் அரியது. அவர்தம் மொழியில் ஒலியைக் குறிக்கும் எழுத்துகளோடு, பொருளைக் குறிக்கும் காஞ்சி எழுத்துகளும் கலந்து வரும். பொது வழக்குக்கென அந்நாட்டரசு 2010ஆம் ஆண்டு வகுத்த பட்டியலில் மட்டும் 2136 காஞ்சி எழுத்துகள் உள்ளன. இவற்றுக்கெல்லாம் விசை அமைத்தல் இயலாது. 1978ஆம் ஆண்டு தோஷிபா நிறுவனத்தார் இதற்கொரு வழி கண்டு, ஜே.டபிள்யூ.-10 என்னும் பொறியை அறிமுகம் செய்தனர். சொல்லின் ஒலியை எழுதினால், அவ்வொலிக்கு உரிய காஞ்சி எழுத்துகளைப் பொறியே தேடித் தரும். அப்பொறியின் விலை 63 இலட்சம் யென். இன்று அவ்வுதவியைச் சிறுவர் கையில் உள்ள கைப்பேசியும் செய்கின்றது.

இம்முறையில் 'ஹாஷி' என்று ஒருவர் எழுதினால் அச்சொல் பாலத்தையும் குறிக்கும், உண்ணுதற்குரிய குச்சிகளையும் குறிக்கும், விளிம்பையும் குறிக்கும். எழுதியது அடிக்கோடிட்ட நிலையில் திரையில் நிற்கும். அஃது இன்னும் முடிவுபெறாத சொல் என்பதற்கு அக்கோடே அடையாளம். சிறு பட்டியல் ஒன்று அருகே விரியும். வேண்டியதைத் தேர்ந்து 'என்டர்' விசையை அழுத்தினால் சொல் உறுதிபெறும்; அடிக்கோடு மறையும். எழுதுவோர் எத்துணை விசைகளை அழுத்தியபோதிலும் அவ்வுறுதிப்பாடு வரும்வரை மென்பொருள் பொறுமை காத்தல் வேண்டும்.

இங்கே ஒரு நிரலாளர் செய்யும் சிறு அவசரம் பெருந்தொல்லையாகின்றது. செய்தி அனுப்பும் மென்பொருள்களில் 'என்டர்' விசை, 'அனுப்பு' என்னும் கட்டளையாக இருப்பதுண்டு. துபாசியைக் கேளாத மென்பொருள், ஜப்பானியர் சொல்லைத் தேர்ந்தெடுக்க அழுத்திய 'என்டர்' விசையைத் தனக்கிட்ட கட்டளையாகக் கொண்டு, பாதிச் சொல்லையே அனுப்பிவிடும். பெறுவோர் பாலமா, குச்சியா என்று அறியாது விழிப்பர். இன்னொரு குறையும் உண்டு. எழுத்து நுழையும் இடம் திரையில் எங்குள்ளது என்பதை மென்பொருள் துபாசிக்கு அவ்வப்போது அறிவித்தல் வேண்டும். அறிவியாதொழிந்தால், பட்டியல் எழுதுமிடத்துக்கு அருகே விரியாமல் திரையின் ஒரு மூலையில் விரியும். எழுதுவோர் ஒவ்வொரு சொல்லுக்கும் தம் கண்ணை மூலைக்கும் வரிக்கும் மாறி மாறி ஓட்டுவர். நாள் முழுதும் அலுவலகத்தில் எழுதுவோர்க்கு இது சிறு துன்பமன்று.

தமிழ்99 பலகையைப் பயன்படுத்துவோரும் இத்தகைய இடருக்கு ஆளாகக்கூடும். அப்பலகையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று ஆக 31 விசைகள் உள்ளன. உயிர்மெய்யெழுத்துகளுக்கும் புள்ளி பெற்ற மெய்களுக்கும் தனி விசை இல்லை. ககரத்தின் பின் இகரத்தை அழுத்தினால் 'கி' தோன்றும். ஒரே எழுத்தை இருமுறை அழுத்தினால், முன்னது தானே புள்ளி பெறும். 'பக்கம்' என்று எழுத விரும்புவோர் ப, க, க, ம, ஆய்தம் என ஐந்து விசைகளை அழுத்துவர். இறுதியில் அழுத்திய ஆய்தம் அவ்விடத்தே புள்ளியாக நின்று மகரத்தை மெய்யாக்கும். இச்சொல்லைத் திரையில் காண்போர்க்கு எழுத்துகள் நான்கு. யூனிக்கோடு என்னும் உலகப் பொதுக் குறிமுறையின்படி பொறியினுள் சேமிக்கப்படுவனவோ ஆறு குறிகள்: ப, க, புள்ளி, க, ம, புள்ளி. ஐந்து அழுத்தம், ஆறு குறி, நான்கு எழுத்து! மூன்று கணக்கும் மூன்று வகை.

இரண்டாம் ககரத்தை அழுத்திய அந்நொடியில் துபாசி புள்ளி, ககரம் என்னும் இரண்டு குறிகளை ஒருங்கே தருகின்றது. ஓர் அழுத்தத்துக்கு ஒரு குறிதான் வரும் என்று எண்ணி, ஒன்றுக்கு மட்டுமே இடம் ஒதுக்கிய மென்பொருள், புள்ளியைப் பெற்றுக்கொண்டு ககரத்தைக் கைவிடும். 'பக்கம்' என்பது 'பக்ம்' என்றாகும். எழுதியவர் தம் விரலையே நொந்துகொள்வர். பிழை விரலில் இல்லை.

வேறொன்றும் உண்டு. முன்னர் அழுத்திய எழுத்து இன்னதென்று துபாசி நினைவில் வைத்திருப்பதாலன்றோ புள்ளி தானே விழுகின்றது? இடையில் எழுதுவோர் சுட்டியால் வேறொரு வரிக்குச் சென்றுவிட்டால், அந்நினைவு பழையதாகிவிடும். இடம் மாறிய செய்தியை மென்பொருள் துபாசிக்குச் சொல்லுதல் வேண்டும். சொல்லாவிடின், புதிய வரியில் முதலில் அழுத்திய ககரத்தின் முன் வேண்டாத புள்ளி ஒன்று வந்து நிற்கும்.

எழுத்து எழுதுவதற்கன்றி வேறு பயனுக்கும் விசைகள் உதவுகின்றன. விளையாட்டு மென்பொருள்களில் இடக்கை விரல்கள் இயல்பாகத் தங்கும் நான்கு விசைகள் முன்னும் பின்னும் பக்கங்களிலும் நகர்வதற்குப் பயன்படும். இங்கே விசையின் இடமே வேண்டுவது. அதன்மேல் எழுதியிருப்பது அன்று. அமெரிக்க எழுத்துகளைக் கொண்டு அவ்விசைகளைக் குறித்துவிட்டால், பிரெஞ்சுச் சிறுவனின் விரல்கள் பலகையில் சிதறி முறுகிக்கொள்ளும். ஆனால், செய்ததை மீட்பதற்குக் 'கண்ட்ரோல்' விசையோடு 'இசட்' எழுத்தை அழுத்துவர். இதற்கு வேண்டுவது எழுத்து; இடம் அன்று. செருமானியர் தம் பலகையில் 'இசட்' எங்குள்ளதோ அங்கே அதனை அழுத்துவர். தமிழ், கிரேக்கம், உருசியம் ஆகிய பலகைகள் இயங்கும்போது 'இசட்' என்னும் எழுத்தே இராது. அப்போது அவ்விடத்துக்குரிய ஆங்கில எழுத்து யாதென மென்பொருள் தேடிக் கொள்ளல் வேண்டும். இடம் வேண்டுமிடத்தில் இடம், எழுத்து வேண்டுமிடத்தில் எழுத்து, சொல் வேண்டுமிடத்தில் துபாசி என மூன்றையும் பிரித்தறியாதவர் செய்த நிரலில் ஒன்று திருந்தினால் மற்றொன்று கெடும்.

இத்தகைய குறுக்குவழிக் கட்டளை ஒன்றால் ஒரு நாட்டார் ஓரெழுத்தையே இழந்த நிகழ்ச்சி 2015ஆம் ஆண்டு வெளியாயிற்று. அந்நாடு போலந்து. அந்நாட்டு மொழியில், இலத்தீன் எழுத்துகளோடு குறி சேர்த்து ஆக்கிய சிறப்பெழுத்துகள் ஒன்பது உள்ளன. அவற்றுள் ஒன்று, 'எஸ்' என்னும் எழுத்தின் மேல் சிறு சாய்கோடு பெற்றது. உலகம், ஒளி, பனி, புதன்கிழமை ஆகியவற்றைக் குறிக்கும் போலந்துச் சொற்கள் நான்கும் இவ்வெழுத்தையே முதலாக உடையன. இஃதின்றி அம்மொழியில் ஒரு பக்கம் எழுதுதல் அரிது.

போலந்து மக்கள் பெரும்பாலும் அமெரிக்க அமைப்பை ஒத்த பலகையையே பயன்படுத்துகின்றனர். வலப்பக்கத்து 'ஆல்ட்' விசையை அழுத்திக்கொண்டு 'எஸ்' விசையை அழுத்தினால் சாய்கோடு பெற்ற எழுத்து வரும். இங்கே விண்டோஸ் தளத்தின் பழைய வழக்கம் ஒன்று குறுக்கிடுகின்றது. இத்தகைய பலகைகளில் வலப்பக்கத்து 'ஆல்ட்' ஒன்றை அழுத்தினால், 'கண்ட்ரோல்', 'ஆல்ட்' என்னும் இரண்டையும் சேர்த்து அழுத்தியதாகவே அத்தளம் மென்பொருளுக்கு அறிவிக்கும்.

மீடியம் என்பது கட்டுரைகள் எழுதி வெளியிடுதற்கு அமைந்த ஓர் இணையத்தளம். அங்கே எழுதுவது தானே சேமிக்கப்படும். ஆயினும், பழக்கத்தின் காரணமாகப் பலர் 'கண்ட்ரோல்' விசையோடு 'எஸ்' விசையை அழுத்திச் சேமிக்க முயல்வர். உடனே தேவையற்ற சாளரம் ஒன்று விரியும். இத்தொல்லையை நீக்கக் கருதிய நிரலாளர்கள், அவ்விரு விசைகளும் சேர்ந்து வந்தால் ஒன்றும் நிகழாதவாறு தடை செய்தனர். நோக்கம் நல்லதே. ஆனால், 'ஆல்ட்' விசையும் உடன் அழுத்தப்பட்டுள்ளதா என்பதை அந்நிரல் பார்க்கவில்லை. விண்டோசில் எழுதிய போலந்து மக்கள் தம் எழுத்தைப் பெற விரும்பியபோதெல்லாம், அந்நிரல் அதனைச் சேமிப்புக் கட்டளை என்று கருதி விழுங்கிவிட்டது. ஏனைய எட்டுச் சிறப்பெழுத்துகளும் குறைவற வந்தன. இஃது ஒன்றே வரவில்லை. மேக் கணிப்பொறியில் இவ்வெழுத்துக்கு 'ஆப்ஷன்' என்னும் வேறு விசை பயன்படுவதால், அங்கே எழுதுவோர்க்கு இக்குறை நேர வழியில்லை. ஒரே நிரல், ஒரு தளத்தில் குற்றமற்றது, மற்றொரு தளத்தில் எழுத்தை விழுங்கியது.

முறையீடு வந்த பின்னரே காரணம் தேடப்பட்டது. திருத்தமோ மிகச் சிறிது. 'கண்ட்ரோல்' விசையும் 'எஸ்' விசையும் சேர்ந்து வரும்போது, 'ஆல்ட்' உடன் வந்திருந்தால் தடை செய்யற்க என்னும் ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும். அந்நிபந்தனை சேர்ந்தபின் போலந்து நாட்டார் உலகம், ஒளி, பனி, புதன்கிழமை என்னும் தம் சொற்களை முதலெழுத்தோடு எழுதலாயினர்.